கலக்காமல் விட்ட தண்ணீர்

மாதா கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நான் முதல் வரியைச் சத்தமாகச் சொல்வேன். நடுவில் வாயை மட்டும் அசைப்பேன். கடைசி ஆமெனுக்குத் திரும்பவும் சத்தமாக வந்து சேர்ந்துகொள்வேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவனுக்கு நடுவில் இருப்பதெல்லாம் எங்கே நிற்கும். அப்படிப்பட்டவன்தான் செத்துப்போன பாத்தியில் உப்பு எடுக்கிறேன் என்று டீக்கடையில் வைத்துச் சொன்னேன்.

எழுபதுகளில் மரக்காணத்து உப்பளத்தில் நான் கூலிக்கு இருந்தேன். ஒரு புயலில் வரப்பு உடைந்து கடைசிப் பாத்தியில் சேறு புகுந்துவிட்டது. கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும்.

"அந்தப் பாத்திய மறந்துட வேண்டிதான். எவன் எறங்குவான் அதுல?" என்றார் மேஸ்திரி.

"நான் எறங்குறேங்க," என்றேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, நெசமாவா?"

இனிமேல் எப்படி இல்லை என்பது? "பாஸ்குக்குள்ள உப்பு காட்டுறேங்க." பாஸ்கு என்ற ஈஸ்டருக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

"காட்டுனா அந்தப் பாத்திய நீயும் உன் ஊட்டுக்காரியும் பாத்துக்குங்க. காட்டலன்னா?"

"மெட்ராஸ் போய் மூட்ட தூக்குறேன்."

"சரி. நாளைலேர்ந்து உன் எடத்துல வேற ஆள போட்டுர்றேன்."

வீட்டில் சொன்னபோது என் மனைவி மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"யோவ், உனக்கு வாயி எதுக்குய்யா இருக்குது?"

"கஞ்சி குடிக்க."

"அத்தோட நிறுத்திக்க வேண்டிதானே. மெட்ராஸுக்கெல்லாம் நான் வரமாட்டேன். எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்."

அவள் அம்மா வீடு அனுமந்தையில். உப்பு வராவிட்டால் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் ஒரு வாய்ச்சொல்லில் வந்த வினை.

ஆனாலும் மறுநாள் எனக்கு முன்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள்தான் சேற்றில் இறங்கினாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு மாதம், சேறு இறுகும்வரை மிதித்தோம். ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, பாதத்தை ஒட்டிப் பாதம் வைத்து, பாத்தியின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை. காயவிட்டு, நனைத்து, மறுபடி மிதிப்போம். பக்கத்துப் பாத்திக்காரர்கள் வரப்பில் நின்று, "இன்னாப்பா, டான்ஸு பழகுறியா?" என்பார்கள். "ஜோடி கெடச்சா நீயும் பழகு," என்பேன். வாய் சிரிக்கும். கால் நிற்காது. இரண்டு கால்களும் வெடித்துப் புண்ணாகி உப்புக்காற்றுக்கே எரிந்தன.

ஒருநாள் கால் உள்ளே போகவில்லை. தரை தாங்கியது. கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீர் இறைத்து விட்டோம். கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

நல்ல பாத்தியில் மேலே ஆடை மாதிரி உப்பு கட்டினால் பலகையால் தள்ளிக் கலைக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அது என் கைக்குப் பழகிய வேலை. அதே கையோடு இங்கேயும் இறங்கிவிட்டேன். இந்தத் தரையோ மேலே மட்டும்தான் இறுகியிருந்தது. ஒவ்வொரு தள்ளுக்கும் அடிச்சேறு எழும்பியது. எழும்பிய சேறு படிந்ததா என்று பார்க்க மறுபடியும் இறங்கினேன். காலையில் கலக்கியதை மத்தியானம் கலக்கி, சாயங்காலமும் கலக்கியதில் பாத்தி காப்பி போட்ட மாதிரி இருந்தது.

என் மனைவி வரப்பில் நின்று பார்த்தாள்.

"எங்கப்பா வலைய எறக்கிட்டு ஒக்காந்து பீடி குடிப்பாரு. நிமிஷத்துக்கு ஒருதரம் தூக்கிப் பாத்துக்கினு இருந்தா மீனு எங்கேர்ந்து வரும்? பலகைய குடுய்யா."

"கட்டலன்னா இன்னா பண்றது? கட்டும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்? தெரியாமத்தான் சும்மா இருக்கணும்."

பலகையைத் தோளில் வைத்து அனுமந்தைக்கே கொண்டுபோய் அம்மா வீட்டில் போட்டுவிட்டு வந்தாள்.

சேற்றை மிதிக்கச் சொன்னால் இன்னொரு தவக்காலம் மிதித்திருப்பேன். சும்மா இருப்பது என்னால் ஆகவில்லை. ஒழுகாத கூரைக்கு ஓலை மாற்றினேன். வரப்புவரை போவேன், திரும்புவேன், பாதி வழியில் மறுபடியும் அங்கே நடப்பேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடக் குனிந்தபோதும் கண் ஜன்னலுக்கு வெளியே மேகம் இருக்கிறதா என்று தேடியது. ஆண்டவர் பார்த்திருப்பார், இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று.

பாஸ்குப் பூசையில் சாமியார், "விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்டார். "விசுவசிக்கிறேன்," என்று நான் போட்ட சத்தத்தில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மனைவி முழங்கையால் இடித்தாள். அது விசுவாசமோ பயமோ, எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

விடிந்ததும் மேஸ்திரி வந்தார். தண்ணீர் வற்றி அடி தெரிந்தது. சாமியாரின் அங்கி மாதிரி வெள்ளையாக இருக்கும் என்று கனவு கண்டிருந்தேன். நான் அதிகம் கலக்கிய ஓரமெல்லாம் பழுப்பு. நடுவில் மட்டும் வெளுப்பு. மேஸ்திரி கால் வைத்தார். நறநறவென்றது. ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார்.

"அழுக்கா இருக்குது," என்றார்.

"ஆமாங்க."

"உப்புதான். வாரிக் குவி. அடுத்த தண்ணி எப்ப விடப்போற?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி பலகையை எடுத்துவர அனுமந்தை ரோட்டில் இறங்கிவிட்டாள்.

அடுத்த தண்ணீர் விட்ட அன்று பலகையை நானே அனுமந்தைக்குத் தூக்கிப்போய் மாமியாரிடம் கொடுத்தேன். "நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே போய்க் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.