'அவர்களே' இல்லாத மாநாடு

எங்கள் கட்சி ஒரு தேசியக் கட்சி. இதைச் சொன்னால் திண்டுக்கல்லில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். ஐந்தாறு மாநிலங்களில் எங்களுக்கு ஆள் இருக்கிறது என்பது உண்மை. அத்தனை பேரையும் ஒரே கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிடலாம் என்பதும் உண்மை. நோட்டாவைத் தாண்டி ஓட்டு வாங்கினால் அந்த வருஷத்தை வெற்றி வருஷம் என்று சொல்லிக்கொள்வோம். இந்தக் கட்சிக்கு நான் மாவட்டச் செயலாளர். வயிற்றுப்பாட்டுக்கு ஜெராக்ஸ் கடை.

கட்சி சிறியதாக இருந்தாலும் அகில இந்திய மாநாடு மட்டும் பெரிய கட்சிகளைப் பார்த்துத்தான் நடக்கும். நான் போகாத மாநாடு இல்லை. மேடையில் இரண்டு வரிசை நாற்காலி. கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது மேடையில் இடம் கிடைக்கவில்லை என்று மனத்தாங்கல். பேச வருகிறவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு விளிக்க ஆரம்பிப்பார். மாநாட்டுத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பொதுச்செயலாளர் அவர்களே, வரவேற்புக் குழுத் தலைவர் அவர்களே என்று மாவட்டம், ஒன்றியம், கிளை வரை இறங்கி வருவார். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் அடுத்த மாநாடு வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அதனால் பேச்சாளர் விஷயத்துக்கு வந்த பிறகும் மேடைக்குத் துண்டுச்சீட்டு போய்க்கொண்டே இருக்கும். அவர் பேச்சை நிறுத்தி, அந்த விட்டுப்போன ஒருவருக்கும் ஒரு 'அவர்களே' போடுவார். வடக்கேயிருந்து வந்தவர்களுக்காக இவ்வளவையும் ஒருவர் இந்தியில் திரும்பச் சொல்வார். அத்தனை பெயர்களும் 'ஜி' போட்டுக்கொண்டு இன்னொரு முறை வரும்.

தீர்மானங்கள் எப்போதும் சாப்பாட்டுக்கு முன்னால்தான். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்கும்போது ஒருவர் எழுந்து, நேரமின்மை காரணமாக அனைத்துத் தீர்மானங்களையும் கரவொலி எழுப்பி நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்வார். நாங்களும் தட்டுவோம். நாட்டின் நீர்க்கொள்கை, விதைக்கொள்கை, வெளியுறவுக்கொள்கை எல்லாவற்றையும் பசியோடு கைதட்டியே தீர்த்துவைத்திருக்கிறோம். பிறகு பொன்னாடை. எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு ஒன்று, வாஷிங் மெஷினுக்கு ஒன்று என்று போர்த்தியது போக மிச்சம் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கிறது. இன்னும் ஒன்று வந்தால் என்னைத்தான் போர்த்தி மூலையில் வைக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

போன மாநாடு முடிந்து ரயிலில் திரும்பும்போது எனக்கு உண்மையாகவே வெறுத்துவிட்டது. இரண்டு நாளில் ஒரு விஷயத்தையாவது பேசினோமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. விலகிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் விலகல் கடிதத்தை வாங்கிப் படிக்கவும் மேலே ஆள் கிடையாது.

அடுத்த மாநாட்டை நடத்த எந்த மாநிலமும் முன்வரவில்லை. கடைசியில் திண்டுக்கல் தலையில் வந்து விழுந்தது. நான் ஒரு நிபந்தனை போட்டேன். மேடை இல்லை. பொன்னாடை இல்லை. விளிப்பது இல்லை, எழுந்தவுடன் விஷயம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் குழுக் குழுவாக விவாதம், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கை தூக்கி ஓட்டு. வெளியே குழாய் ஒலிபெருக்கி கட்டி ஊரை எழுப்புவதும் கிடையாது. மேலிடம் சண்டைக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். செலவு குறையும் என்றதும் உடனே சரி என்றுவிட்டார்கள்.

சண்டைக்கு வராத இன்னொருவரும் இருந்தார். அவர்தான் எங்கள் மாவட்ட மகளிர் அணிச் செயலாளர். பக்கத்தில் அகரம் என்ற ஊர்க்காரர். சம்பங்கித் தோட்டம், விடிவதற்கு முன்னால் பூ மார்க்கெட், அதற்குப் பிறகு கட்சி. போஸ்டர் ஒட்டுவது, ஷேர் ஆட்டோவில் பெண்களை அடைத்துக் கூட்டம் சேர்ப்பது, கூட்டம் முடிந்தால் நாற்காலி அடுக்குவது என்று எல்லாம் அவர்தான். பல வருஷம் பதவி எதுவும் இல்லாமல் செய்தார். மகளிர் அணிப் பதவி வந்து சேர்ந்தது இப்போதுதான்.

அவருடைய வீட்டுக்காரர் கட்சிக்காரர் இல்லை. கூட்டம் முடியும் நேரத்துக்கு மொபெட்டில் வந்து வாசலில் நிற்பார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. எங்கள் தேசியத் தலைவர் ஒருமுறை மாலையும் கழுத்துமாக அவரைத் தாண்டிப் போனபோதும் வேட்டியை இறக்கவில்லை. பெண்டாட்டியை நாற்காலி தூக்கவிடும் கட்சிக்கு என்ன மரியாதை என்று அவருக்கு எண்ணம். அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

மாநாட்டுக்குச் சில வாரம் முன்னால் அந்தத் தங்கச்சி, அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், என் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் போகிற வரை ஓரமாக நின்றுவிட்டு, இந்த மாநாட்டில் தன் பெயரைச் சொல்வார்கள்தானே என்று கேட்டார். முறைப்படி பார்த்தால் சொல்ல வேண்டும். மாவட்டப் பொறுப்பில் இருப்பவர்களை எல்லாரும் விளித்துத்தான் ஆக வேண்டும்.

"ஊர்ல இருந்து ஒரு வேன் பேசி ஆளுகளக் கூட்டியாரேண்ணே. எங்க வீட்டுக்காரரும் வாரேன்னுட்டாரு. அம்புட்டுப் பேருக்கு முன்னால ஒரு தடவ என் பேரச் சொல்லி அவர்களேன்னு கூப்பிட்டாப் போதும்."

நான் அவருக்குப் புதிய ஏற்பாட்டை விளக்கினேன். பெயரை எல்லாம் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்குப் போகிறோம், இனிமேல்தான் உன்னைப் போன்றவர்களுக்குப் பேச நேரம் கிடைக்கும் என்று உற்சாகமாகச் சொன்னேன். கையிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "சரிண்ணே, நீங்க செஞ்சாச் சரியாத்தேன் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேனை அவர் ரத்து செய்யவில்லை.

மாநாடு ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு மண்டபத்தில். நாற்காலிகளை வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்து, காலி மணமேடையைப் பார்த்தபடி வரிசையாக்கிக்கொண்டார்கள். மேடையில் முந்தின முகூர்த்தத்துப் பூ காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேசியத் தலைவர் தனக்கு எந்த இடம் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். கையில் பொன்னாடையோடு வந்த இரண்டு பேர் அதை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார்கள். எனக்குக் காலையிலேயே அசதியாகிவிட்டது.

முதலில் பேசியவர் பொதுச்செயலாளர். விளிக்கக் கூடாது என்று மாவட்டத்தில் முடிவு செய்திருக்கிறார்கள், அருமையான முடிவு, இருந்தாலும் மரியாதைக்காகச் சிலரை மட்டும் என்று ஆரம்பித்தார். தேசியத் தலைவர் அவர்களே என்றார். மாநிலத் தலைவர்கள் ஒவ்வொருவரையும் அவர்களே என்றார். தன் சம்பந்தியையும் சொன்னார். அதோடு நிறுத்தி, நேரம் கருதி மற்றவர்களை விட்டுவிடுகிறேன் என்றார். அடுத்து வந்தவரும் அதையே செய்தார். அவருக்கு அடுத்தவரும் அதையே செய்தார். பட்டியலை ஒழித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வாலில் மட்டும்தான் அறுந்திருந்தது. முன்பெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அந்த நீளப் பட்டியலில், கிளைச் செயலாளர் பெயரும் கடைசியில் ஒருமுறையாவது வந்துவிடும். இப்போது பெரியவர்கள் பெயர் மட்டும் வந்தது, நான் போட்ட விதியின் பெயரால். எனக்கு ஆத்திரமாக வந்தது.

பின்வரிசையில் அகரத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு 'அவர்களே' வரும்போதும் அந்தப் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பதும் மறுபடி சாய்ந்துகொள்வதுமாக இருந்தார்கள். வீட்டுக்காரர் வாசல்படியில், வழக்கம்போல மடித்துக் கட்டிய வேட்டியோடு.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குழுக்கள் கூடின. நாற்காலிகளைத் திரும்ப வட்டமாக்கப் படாத பாடு பட்டேன், ஆனால் கூடின. எங்கள் கட்சியில் முதல்முறையாக ஒரு தீர்மானம் தோற்றது. கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அந்தத் தங்கச்சியும் தன் குழுவில் பேசினார். பூ விலை விழுகிற நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் பூவைச் செடியிலேயே விட்டுவிடுவதைப் பற்றி, நிதானமாக, நன்றாகப் பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வெளியூர்க்காரர் ஒருவர் குறிப்பெடுத்தார்.

சாயங்காலம் குறிப்பெடுத்த அந்த வெளியூர்க்காரர்தான் குழு அறிக்கையை மைக்கில் வாசித்தார். "பூ விவசாயம் குறித்து ஒரு பெண் உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்" என்றார். அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருத்தி குனிந்து, "ஒன்னயத்தேன் சொல்றாகளா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. தங்கச்சி தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை.

முடிந்ததும் எல்லாரும் டிபனுக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். நன்றியுரை கிடையாது என்று முடிவு செய்ததும் நான்தான், ஆனால் ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். மைக் செத்துக் கிடந்தது. நன்றியுரை இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றபடி மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அகரத்து வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் வெளியே கேட்டது.

முழங்கால் வலியோடு ஓடினேன். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. தங்கச்சி கடைசி ஆளாக ஏறிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வேனுக்குப் பக்கத்தில் மொபெட்டை எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் எத்தனையோ முறை நின்றவன்தான், ஆனால் அங்கே எனக்கு வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மாநாட்டுக் குரலில், "திண்டுக்கல் மாவட்ட மகளிர் அணிச் செயலாளர்" என்று ஆரம்பித்தேன். அவருடைய பெயரையும் அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து முழுதாகச் சொன்னேன்.

"அவர்களே" என்றேன்.

அதற்குப் பிறகு சொல்ல என்னிடம் விஷயம் எதுவும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓடி வந்திருந்தேன். வேனுக்குள் யாரும் கைதட்டவில்லை. தங்கச்சி கம்பியைப் பிடித்தபடி படியிலேயே நின்றார்.

அவருடைய வீட்டுக்காரர் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டு நேராக நின்றார். என்னைப் பார்க்கவில்லை, படியில் நின்ற தன் மனைவியைத்தான் பார்த்தார்.