ரப்பர் உடுப்புக்கு ஒரு வருஷம் கியாரண்டி

கிணற்று வேலைக்காரன் கூலியை மேலே நின்றுதான் பேச வேண்டும். இறங்கிய பிறகு பேசினால் கயிறு அடுத்தவன் கையில் இருக்கிறது. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் பதினாறு வருஷம் பிழைத்தேன். ஊருக்கு ஊர் பம்புசெட்டு போட்டுக்கொண்டிருந்த காலம். மோட்டாருக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயின் அடியில், தண்ணீருக்குள்ளே, ஃபுட்வால்வு என்று ஒன்று இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் முங்கி அதைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்த ஆள் நான்.

கியாரண்டி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைப்படி ஏறி இறங்கிய அன்பர்கள் இதைப் படித்தால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கமாட்டார்கள். மற்றவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

டம்ளர் தண்ணீர்

நெஞ்சில் சளி கட்டி, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இனிமே குளிர்ந்த தண்ணியில ஊறினா நுரையீரல் போயிடும்" என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். நானாகக் கற்ற எழுத்து கொஞ்சம் உண்டு, பள்ளிக்கூடம் போனவனில்லை, தறியில் உட்கார்ந்தவனுமில்லை. அப்போதுதான் லாரி டிரைவர் ஒருவர் சொன்னார், சென்னைத் துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கிற ஒரு கடையில், தண்ணீரில் இறங்கினாலும் உடம்பு நனையாத ரப்பர் உடுப்பு இருக்கிறதென்று.

ஆடி மாதம் போனேன். பாதத்திலிருந்து கழுத்து வரை ஒரே உடுப்பு. மணிக்கட்டையும் கழுத்தையும் கவ்விப் பிடிக்கும். கடை முதலாளி சொன்ன விலையை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாதியாக்கினேன். நடுவில் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினேன். ஒரு வருஷக் கியாரண்டி என்று முத்திரை குத்திய கார்டையும் விடாமல் வாங்கிக்கொண்டேன். ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு. உடுப்பைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே முதலாளி சொன்னார்: "கடலுக்கே அசையாத சரக்கு இது. உங்க ஊர் கெணறெல்லாம் இதுக்கு டம்ளர் தண்ணி."

ஏனாத்தூரில் முதல் முழுக்கு

உள்ளே காற்று நிற்பதால் உடுப்பு மிதக்கும். அதனால் இடுப்பில் இரும்புச் சங்கிலி சுற்றிக்கொண்டு இறங்கினேன். கால் மணி நேரம் சொர்க்கம். பிறகு அக்குளில் ஐஸ் வைத்ததுபோல ஏதோ வழிந்தது. வியர்வை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்து படியேறும்போது முழங்கால் வரை தண்ணீர் உள்ளே நின்று, ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்றது.

கிணற்றுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். உடுப்பைக் கழற்றிக் கவிழ்த்தேன், வாய்க்காலில் ஓடியது. அவர் சிரிக்கக்கூட இல்லை. "தண்ணிய மேல ஏத்த மோட்டாரு எதுக்கு நைனா, நீ ரெண்டு தபா ஏறி எறங்கினா போதுமே" என்றார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்

எங்கே ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு வீடு தள்ளி முருகேசன் இருந்தார், பட்டு நெய்கிறவர். புடவையில் ஓர் இழை விட்டிருந்தால் கடைக்காரன் கண்ணுக்குப் படுமுன் இவர் கண்ணுக்குப் பட்டுவிடும். உடுப்பை வாசலுக்கு எடுத்துப் போய், சூரியனுக்கு எதிரே இரு கையாலும் விரித்துப் பிடித்தார். விரலை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போய் இடது அக்குளில் நிறுத்தினார். கையும் உடம்பும் சேர்கிற ஒட்டு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

எங்கள் ஊர்ப் புடவையில் உடலும் கரையும் தனித்தனியாக நெய்து கோர்வை போட்டுச் சேர்ப்பார்கள். கிழித்தால் புடவை கிழியும், கோர்வை பிரியாது. அந்தப் பழக்கத்தில் முருகேசனுக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. "உடம்ப ஒருத்தன் செஞ்சிருக்கான், கைய ஒருத்தன் செஞ்சிருக்கான். ரெண்டையும் சேக்க வேண்டியவன் சோறு துன்னப் பூட்டான்பா."

பார்சல்

கடைக்குத் தபால் கார்டு எழுதிப் போட்டேன். ஒன்றரை மாதம் கழித்து, "பொருளை அனுப்பி வைக்கவும்" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் லாரி பார்சல் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சாக்கில் எப்படி மடித்தாலும் ஒரு கால் வெளியே வந்து தொங்கியது. இன்னா இது என்றார் குமாஸ்தா. உடுப்பு என்றேன். சாக்கைப் பிரித்துக் காட்டு என்றார். காட்டினேன். கறுப்பாக, கையும் காலும் பாதமுமாக, தலை மட்டும் இல்லாமல் தரையில் கிடந்தது.

அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "உள்ள ஆளு யாரும் இல்லன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க, எடுத்துக்கறேன்."

இடுப்பு வரைக்கும்

இருபது நாளில் உடுப்பு அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: "தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். ஒழுகவில்லை." அன்றைக்கே பஸ் ஏறினேன். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். இடுப்பு வரைக்கும் ஊற்றினார்களாம். அக்குளில் ஓட்டை இருக்கும்போது இடுப்பு வரைக்கும் ஊற்றினால் எப்படியய்யா ஒழுகும்? நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்களெல்லாம் வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் உடுப்பைக் கொக்கியில் மாட்டி, கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

அக்குளில் குழாய் திறந்த மாதிரி ஊற்றியது. நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி உடுப்பின் நெஞ்சைப் பார்த்தார். அங்கே குங்குமம் அப்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில், நூல் மாதிரி மெல்லிசாகத் தண்ணீர் கசிந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குக் கடப்பாறை, கயிறு, சங்கிலியோடு உடுப்பையும் வைத்து, பொட்டு வைத்து, மாலை வழுக்கி விழாமலிருக்க ஊக்கு குத்தியிருந்தார்கள். அக்குளில் ஊற்றுவதை ஒருவரும் பார்க்கவில்லை. முதலாளி அந்த இரண்டு நூலையும் கூட்டத்துக்குக் காட்டி நிதானமாகக் கேட்டார்: "பூஜை பண்ணது அவரு, ஊக்கு குத்தினது அவரு. கம்பெனி மேல ஏன் சார் பாயறாரு?"

வீட்டில்

அந்தக் கோபத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து என் பெண்சாதியிடம் அவிழ்த்தேன். ரப்பரில் ஊக்கு குத்துகிற புத்தி எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுத முடியாது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"கடப்பாறைக்கு வருஷா வருஷம் மாலை போடறேன், அது ஒழுகல. ஒழுகறத தேடிப் போயி வாங்கினு வந்தது யாரு?"

முசரவாக்கம்

சைக்கிள் கடையில் டியூப் துண்டு வைத்து அக்குளையும் நெஞ்சையும் ஒட்டிக்கொண்டேன். "வண்டிக்குப் போட்ட பஞ்சரு விட்டுச்சின்னா எறங்கித் தள்ளலாம். நீ இன்னாபா பண்ணுவ?" என்று ஒட்டினவரே கேட்டார். கேட்காத மாதிரி வந்துவிட்டேன். மார்கழி பிறந்துவிட்டது, கிணறெல்லாம் நிரம்பி நின்றது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

முசரவாக்கத்துக் கிணற்றில் நாலாவது முறை முங்கும்போது அக்குள் ஒட்டு மொத்தமாக விட்டது. காற்றெல்லாம் கொப்புளமாக மேலே போயிற்று. அதன் இடத்துக்குத் தண்ணீர் வந்தது. மிதக்காமலிருக்கக் கட்டிய சங்கிலி இப்போது என்னைக் கீழே இழுத்தது. குழாயை இரு கையாலும் கட்டிப்பிடித்துத் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன். கயிற்றை நாலு பேர் இழுத்தார்கள். இடுப்பு வரை வெளியே வந்தேன், அதற்கு மேல் தூக்க முடியவில்லை. இரண்டு காலிலும் தண்ணீர் நிறைந்து குடம் குடமாகக் கனத்தது. கடைசியில் ஒருவர் அரிவாளோடு இறங்கி, உடுப்பின் இரண்டு பாதத்தையும் அறுத்துவிட்டார். தண்ணீர் கொட்டிய பிறகுதான் நான் மேலே வந்தேன். அப்போது அவர் அரிவாளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன்னக் காப்பாத்தறது ஒண்ணும் கஷ்டமா இல்லபா. உன் சட்டையக் காப்பாத்தத்தான் முடியல."

கடைசிப் பேரம்

இருபது நாள் ஆஸ்பத்திரி. ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டதென்றும், இனி குளத்தில்கூடக் கால் வைக்கக் கூடாதென்றும் சொல்லி அனுப்பினார் டாக்டர். நேரே கடைக்குப் போனேன். அறுந்த உடுப்பையும் கார்டையும் மேஜைமேல் வைத்தேன். முதலாளியின் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். கை எழுந்தது, குரல் எழவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. கொடுத்த பணம் முழுவதும் வேண்டும் என்றேன். பாதியாவது என்றேன். கால்வாசி என்றேன். என் ஆயுசில் நானே இறங்கி இறங்கிப் பேசிய பேரம் அது ஒன்றுதான். ஊருக்குத் திரும்ப பஸ் காசாவது கொடுங்கள் என்று வந்து நின்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அறுந்த பாதம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே சொன்னார்: "முங்கினவரு உயிரோட வந்து உக்காந்திருக்கீங்க. அப்ப உடுப்பு அதோட வேலையைச் செஞ்சிருக்குது. அறுத்தது உங்க ஆளுங்கதானே?"

அவர்கள் ஒரு வருஷத்துக்குக் கியாரண்டி கொடுத்தார்கள். உடுப்பு வாங்கிய பிறகு என் பதினாறு வருஷத் தொழில் அதில் பாதிகூடத் தாங்கவில்லை.