கோட்டுக்குள் விழுந்த பந்து

எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியைக்கு மாணவிகள் வைத்த பெயர் விசில். பெயருக்கேற்ற தொண்டை. வராந்தாவின் இந்தக் கோடியில் அவர் தும்மினால் அந்தக் கோடியில் நான் சாக்பீஸைக் கீழே போடுவேன். யாருக்கும் அடங்காத ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவைப் பிடித்து வாலிபால் அணியாக்கியவர் அவர்தான். தையல்காரரான அவர் கணவர், மிச்சமான திரைச்சீலைத் துணியில் அவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்.

விசிலிடம் சட்டம் கறார். ஒருத்தி வீட்டுப்பாடம் செய்யாவிட்டால், அணியே உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வலை கட்டலாம். வகுப்பில் தப்புப் பண்ணியவள் அடுத்த ஆட்டத்தில் பந்தைத் தொடக்கூடாது; கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டும். ஃபெயிலாகிக் கொண்டிருந்தவர்கள் பாஸாகத் தொடங்கினார்கள். கணக்கு மட்டும் முரண்டு பிடித்தது.

கணக்கு வாத்தியார் விளையாட்டுப் பீரியடைத் தனக்குத் தரச்சொல்லித் தலைமையாசிரியரை நச்சரித்தார். கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: பக்கத்துப் பள்ளியை ஜெயித்தால் பீரியட் விசிலுக்கு, தோற்றால் கணக்குக்கு.

ஆட்டத்துக்கு முந்தின நாள், அணியில் பந்தை அடித்து இறக்கும் நெட்டைப்பெண் ஏணி, கணக்குப் பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்கு மட்டும் விட்டுப் பிடிங்கம்மா,” என்றார் தலைமையாசிரியர்.

“விட்டா அப்புறம் பிடிக்கவே முடியாது சார்.”

மறுநாள் ஏணி கையில் கொடிதான். கடைசி செட் இழுபறி. எதிரணி அடித்த பந்து எங்கள் மூலையில் விழுந்தது. நடுவருக்கு ஆள் மறைத்தது. “வெளிய!” என்று எங்கள் கூட்டமே கத்தியது; நானும்தான். நடுவர் ஏணியைப் பார்த்தார். கொடியைத் தூக்கினால் வெளியே. தாழ்த்தினால் உள்ளே; ஆட்டமும் போச்சு, பீரியடும் போச்சு.

ஏணி தாழ்த்தினாள்.

“டீச்சர், நம்ம பீரியட் போச்சே,” என்று விசிலிடம் போய்த் தேம்பினாள்.

“பந்து உள்ளதானே விழுந்துச்சு?”

“ஆமா டீச்சர்.”

“அப்புறம் என்னடி அழுகை? மூஞ்சியக் கழுவிட்டு வா. ஜெயிச்சவங்களுக்குக் கை குடுக்கணும்.”

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பினார். “சரி, திங்கக்கிழமைலேர்ந்து பீரியட் உங்களுக்கு.”

“வேண்டாம் சார். நேத்து காப்பியே அடிக்கலைன்னு எங்கிட்ட கூசாம பொய் சொன்ன பொண்ணு அது. அவங்க பீரியட் அவங்களுக்கே இருக்கட்டும்.”

“அப்ப வலை கட்ட வந்துடுங்க!” என்று மைதானத்தின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது. விசிலுக்குக் காதும் அப்படி.

திங்கட்கிழமை கணக்கு வாத்தியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து வலையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஏணி பிடித்திருந்தாள்.