முன்னறையில் நின்ற கார்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாடல் வெளிவந்து அறுபது ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, அதை வைத்திருப்பவர்களின் சங்கம் திருச்சியில் விழா எடுக்க முடிவு செய்தது. சங்கத் தலைவர் என் பெரியப்பா. திட்டமிடும் வேலை எனக்கு.
2. ஊர்வலத்துக்குக் காவல்துறை அனுமதி வேண்டும் என்பதால் பதினொரு கார்களின் பதிவுச் சான்று (ஆர்.சி.) நகல்களைக் கேட்டு வாங்கினேன்.
3. நான்கு நகல்களில் உரிமையாளர் பெயர் எல்லோரும் நினைத்த பெயராக இல்லை. அந்த நான்கில் ஒன்று பெரியப்பாவின் கார்.
4. ஆர்.சி.யில் இருந்தபடியே பட்டியல் தயாரித்தேன். பெரியப்பா அதில் கையெழுத்துப் போட்டார்.
5. பட்டியல் மேடையில் வாசிக்கப்பட்டது.

எங்கள் உறவினர்கள் இதை ஐந்தாவதிலிருந்து தொடங்கிச் சொல்கிறார்கள். அப்படித் தொடங்கினால் நான்காவது ஒரு சதி போலத் தெரியும். பெரியப்பா பாவப்பட்ட மனிதராகத் தெரிவார். நான் துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். சோதனைகளின் வரிசை மாறிய அறிக்கையை, எண்கள் அத்தனையும் சரியாக இருந்தாலும், நாங்கள் ஏற்பதில்லை. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

பெரியப்பாவின் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அகலம் குறைந்து நீளம் மிகுந்த பழைய வீடு. நான் பிறப்பதற்கு முன்பே அவர் முன்பக்கச் சுவரை இடித்து, ஷட்டர் போட்டு, முன்னறைக்குள் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, சிவப்பு நிற வெளிநாட்டுக் கார். அது நின்றது போக அறையில் மிச்சம் இடப்பக்கம் ஒன்றரை அடி. வீட்டுக்கு வருகிற எல்லோரும் அந்த ஒன்றரை அடியில் பக்கவாட்டில் திரும்பி, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு போக வேண்டும். என் அக்காவின் வளைகாப்பை அந்த வீட்டில்தான் வைத்தார்கள். அவளால் அந்த இடைவெளியில் நுழைய முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகச் சுற்றி அழைத்துப் போனோம். பெரியப்பா வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணிடமும், "பாத்து, வளையல் ஒரசிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வளைகாப்புக்கு வந்தவர்களிடம்.

காருக்கு அந்த அறையில் ஒரு மேசை மின்விசிறி இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஏறாமலிருக்க உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு எரியும். பெரியம்மா பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். அவருடைய வகுப்பு மொட்டை மாடியில், தகரக் கூரையின் கீழ் நடந்தது. சித்திரையில் அந்தத் தகரத்தின் கீழ் உட்கார்ந்து வகைக்கெழு போட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. நோட்டுப் புத்தகத்தில் முழங்கை ஒட்டிக்கொள்ளும். மாடிக்கு இருபத்திரண்டு படிகள். பெரியம்மாவின் முழங்கால்கள் தேய்ந்தபிறகு அவர் ஒன்பதாவது படியில் ஒருமுறையும் பதினாறாவது படியில் ஒருமுறையும் உட்கார்ந்து ஏறினார். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி, குழந்தை இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக இறங்குவார். புத்தூரில் எலும்பு மருத்துவர் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாடி ஏறாவிட்டால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் முப்பது வருடமாக அவர் செய்த ஒரே வேலையும் இல்லை. முன்னறையைக் கொடுங்கள் என்று பெரியம்மா கேட்டார். எனக்குத் தெரிந்தே மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை நான் அங்கே இருந்தேன். பெரியப்பா செய்தித்தாளை மடிக்காமலே பதில் சொன்னார்: "காரை வெயில்ல நிறுத்த முடியுமா? யோசிச்சுப் பேசு."

அவர் அந்தக் காரை ஓட்டினார் என்று யாராவது நினைத்தால் அது தவறு. வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுப்பார், ஆயுத பூஜைக்கு அடுத்த நாளும் சங்கக் கூட்டத்தன்றும். பெரும்பாலும் போகும்போது ஓடும். வரும்போது டெம்போவில் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். மற்ற நாட்களில் அவர் அதைத் துடைப்பார், அதன் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களிடம் அதைப் பற்றிப் பேசுவார். "போல்ட் முதக்கொண்டு அசல்" என்பது அவருடைய வாக்கியம். காரை 'இவ' என்றுதான் சொல்வார். பெரியம்மாவைக் குறிப்பிடும்போது 'வீட்ல' என்பார்.

விழாத் திட்டக் கூட்டங்களில் இதே போன்ற மனிதர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். மாடலுக்கு அறுபது நிறைவதால் மணிவிழா போலவே செய்ய வேண்டும் என்பது பெரியப்பாவின் யோசனை: கார்களுக்கு மாலை, கலசம், பன்னீர். விழாவன்று போடுகிற தொப்பியின் நிறத்துக்காக அவர்கள் ஐந்து பேரும் நான்கு முறை கூடினார்கள். கழிப்பறை எத்தனை, வெயிலில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் எங்கே என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் நீ பார்த்துக்கொள் என்றார்கள். நான் கொடுத்த பணிப் பட்டியலில் 'மனைவிமார்கள்' என்று ஒரு வரியைப் பெரியப்பா தன் கையால் சேர்த்தார். எதிரே எழுதியிருந்தது: ஆரத்தி, கோலம், பந்தி. கோலம் கார் வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு.

காவல்துறைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் உரிமையாளர், ஓட்டுநர் என்று இரண்டு பத்திகள் உண்டு. ஆர்.சி. நகல்கள் வந்தபோது நான்கில் இரண்டு பத்திகளுக்கும் வெவ்வேறு பெயர் வந்தது. ஒருவருக்கு அம்மா, ஒருவருக்கு மனைவி, ஒருவருக்கு, காலமாகிப் பல வருடமான மாமனார். மாமனார் பெயரில் கார் வைத்திருந்தவரிடம் விளக்கம் கேட்டேன். மறுநாளே அவருடைய கார் உடல்நிலை சரியில்லாமல் விழாவிலிருந்து விலகிக்கொண்டது. நான்காவது நகல் பெரியப்பா கொடுத்தது. உரிமையாளர் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயரோடு, திருமணத்துக்கு முந்தைய முதலெழுத்தில் இருந்தது.

கேட்டேன். பெரியப்பா அலுத்துக்கொண்டார். அரசு அலுவலகத்தில் இருந்துகொண்டு அப்படி ஒரு கார் வாங்கினால் மேலே கேள்வி வரும். அதனால் பெரியம்மாவே தன் நகைகளை விற்று வாங்கியதாக எழுதிக் கொடுத்தாராம். 'எழுதிக் கொடுத்தது' என்று அவர் சொன்ன விதத்தில் அது பொய் என்று தொனித்தது. ஆனால் நகைகள் உண்மையாகவே விற்கப்பட்டவை. அதை எங்கள் அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறார். "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா, நீ பட்டியலைப் போடு" என்றார் பெரியப்பா. போட்டேன்.

உறவினர்கள் கேட்டால் நான் சொல்வது இதுவரைதான். கேட்காததையும் எழுதிவிடுகிறேன். அந்த நகலை நான் பெரியம்மாவிடம் காட்டினேன். மாலை வகுப்பு முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர், பதினாறாவது படியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாத காகிதத்தை வெகுநேரம் வைத்திருந்தார்.

"இன்னமும் என் பேர்லதான் இருக்கா?"

"ஆமா பெரியம்மா. மாத்தவே இல்ல."

"அப்ப விக்கறதுன்னா யாரு கையெழுத்துப் போடணும்?"

படிவம் இருபத்தொன்பது, படிவம் முப்பது, இரண்டிலும் பதிவு செய்த உரிமையாளர்தான் போட வேண்டும் என்றேன். வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சேர்த்துச் சொன்னது என் விருப்பம். பெரியம்மா காகிதத்தை மடித்துக் கொடுத்தார். பிறகு, விழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். பத்துக் கார்கள், வேடிக்கை பார்க்க வருகிற கார்ப் பைத்தியங்கள் நாற்பது பேர் என்றேன்.

"எல்லாரும் ஒரே எடத்துல" என்றார், மனக்கணக்கு போடுகிறவர்போல.

மூன்று பக்கப் பட்டியலைப் பெரியப்பாவிடம் கொடுத்தபோது அவர் அழைப்பிதழ் மாதிரியில் தன் புகைப்படத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பக்கங்களிலும் 'தலைவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. படிக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. என் தொழிற்சாலையில் ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நிறுத்திப் படிக்க வைப்பேன். இங்கே வைக்கவில்லை.

விழா கே.கே. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டிப் பத்துக் கார்களும் வரிசையாக வந்துசேர்ந்தன. ஆரத்தி எடுத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். பெரியப்பா அரை மணி நேரம் பேசினார். ஒரு காரை வைத்திருப்பது என்பது வாழ்க்கை முழுவதுக்குமான பொறுப்பு என்றும், உரிமையாளன் என்ற சொல்லுக்கு ஒரு கம்பீரம் உண்டு என்றும் சொன்னார். பிறகு உரிமையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி. சிறப்பு விருந்தினர் போக்குவரத்துத் துறையில் ஓய்வு பெற்ற அதிகாரி. தொகுத்து வழங்க வந்த கல்லூரிப் பெண் என் பட்டியலை எடுத்து, இருந்தபடியே வாசித்தாள். முதல் கார் தலைவருடையது என்பதால் முதல் பெயர் பெரியம்மாவுடையது. ஓட்டுநர் என்று அடுத்த பத்தியையும் அவள் விடாமல் வாசித்தாள். அது பெரியப்பாவின் பெயர்.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பெரியப்பா அந்தப் பெண்ணிடம் குனிந்து, தப்பாக வாசிக்கிறாய் என்றார். சிறப்பு விருந்தினர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பழக்க தோஷம், ஆர்.சி. நகல் இருக்கிறதா என்று கேட்டார். இணைப்பில் இருந்தது. "ஆர்.சி.ல யார் பேரோ அவங்கதான் சார் ஓனர்" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையைக் கையில் வைத்துக் காத்திருந்தார்.

பெரியம்மா பந்தி பக்கத்திலிருந்து வந்தார். மேடைக்கு நான்கு படிகள், நடுவில் உட்காரவில்லை. பொன்னாடையை வாங்கிக்கொண்டு மைக்கைக் கேட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இந்தக் காரைக் குடுத்துடலாம்னு இருக்கேன். எனக்கு அந்த ரூம் வேணும். வேணுங்கறவங்க சாப்பிட்டுட்டு என்கிட்ட வந்து பேசுங்க."

அவர் இறங்குவதற்குள் ஆறேழு பேர் கீழே நின்றார்கள். தொப்பி நிறத்துக்காகப் பெரியப்பாவோடு நான்கு முறை உட்கார்ந்த நால்வரில் இருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தலைவரே தலைவரே என்று அவரைச் சுற்றி வந்தவர்கள், அவர் பக்கம் திரும்பாமல், சேஸிஸ் எண் தெரியுமா மேடம் என்று பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவைவிட அவர்களை நான் அதிகமாக வெறுத்த ஒரே நிமிடம் அது.

அப்போது பெரியப்பா மைக்கைப் பிடித்தார். முதலில், வீட்டில் சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றார். யாரும் நகரவில்லை. அதன்பிறகுதான் அவர் உண்மையைச் சொல்லத் தொடங்கினார். கியர்பாக்ஸ் அசல் இல்லை, ஜீப்பிலிருந்து எடுத்துப் போட்டது. தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அலுமினியத் தகட்டை வைத்து ரிவிட் அடித்திருக்கிறது. பின் அச்சுக்குப் பக்கத்தில் சேஸிஸ் விரிசல் விட்டு வெல்டிங் செய்தது. வேகமானி வேலை செய்து பல வருடமாகிறது. சிவப்பே அசல் நிறமில்லை. சுரண்டினால் பச்சை வரும். வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, நாங்கள் ஆய்வறிக்கை எழுதுகிற அதே வரிசையில் சொன்னார். போல்ட் முதக்கொண்டு எதெல்லாம் அசல் இல்லை என்பது அந்த மனிதருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அவர் பேசி நான் கேட்டவற்றில் பிழையில்லாத ஒரே பேச்சு அதுதான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஐந்து பேர் விலகினார்கள். விலகாத ஒருவர் தொட்டியத்தில் வாழை வைத்திருக்கிறவர். வேடிக்கை பார்க்க வந்தவர். அவர் சேஸிஸ் எண்ணைக் கேட்கவில்லை. எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் கேட்டார். "நாளைக்கே எடுங்களேன், புண்ணியமாப் போவும்" என்றார் பெரியம்மா.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் கிளம்பவில்லை. டெம்போவில் கயிறு கட்டினார்கள். இழுபடும் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெரியப்பா தனியாக உட்கார்ந்து போனார். ஊர்வலத்தில் ஓட்டியவர்களுக்கு மாட்டிவிட்ட 'ஓட்டுநர்' அட்டை கழுத்தில் இருந்தது, கழற்ற மறந்திருந்தார். எனக்கு இரக்கம் வரவேயில்லை என்று எழுத ஆசைதான். மன்னார்புரம் வரை பின்னால் ஸ்கூட்டியில் வந்தேன். அதற்குள் வளைகாப்பு நினைவுக்கு வந்தது, முந்திக்கொண்டு போய்விட்டேன்.

அவர் அந்தக் காரை நேசித்தார், அதைப் பிரித்திருக்கக் கூடாது என்று என் சித்தப்பா இப்போதும் சொல்கிறார். இருக்கலாம். தான் நேசிப்பதற்கு இன்னொருவர் இடம் விட வேண்டும், வெயிலில் உட்கார வேண்டும், படியேற வேண்டும் என்று எதிர்பார்த்த நேசத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நிலை இது. கார் தொட்டியத்தில் ஒரு கொட்டகையில் நிற்கிறது. பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. பெரியப்பா சங்கத் தலைவராகத் தொடர்கிறார். அதற்காக, உரிமையாளர் அல்லது முன்னாள் உரிமையாளர் தலைவராக இருக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். அவர் இரண்டுமே இல்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை, நானும் சுட்டிக்காட்டவில்லை. என்னோடு அவர் பேசுவதில்லை. முன்னறையில் ஆறு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் இருக்கின்றன. காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு நடக்கிறது. பெரியம்மா மாடிக்கு ஏறுவதில்லை.