மரை கலியன்

கலியனுக்கு இடது கை போன அன்று மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நெய்வேலி சுரங்கத்துக்குள் பழுதான பம்பு ஒன்றைக் குழாயோடு மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று இரும்புக் கால்களைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, சங்கிலியை வெள்ளைச்சாமி இழுத்தான். தொங்கிய பம்பின் அடியில் கட்டை கொடுக்கக் கலியன் குனிந்தான். பம்பு சட்டென்று ஒரு முழம் இறங்கியது. அவன் கத்தக்கூட இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

இது 1963ஆம் வருஷம். அப்போது கலியனுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவன் அப்பன் அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்தே காலம் தள்ளியவர். நிலக்கரிக்காக முதல் மண் வெட்டியபோது கலியன் கூடை சுமக்க வந்தான். கூடை தூக்கியவனைக் கனத்த சாமான் தூக்கும் கலாசியாக எடுத்தார்கள். கலாசியாக இருந்தபடியே ஸ்பானர் பிடிக்கக் கற்று ஃபிட்டர் ஆனான். பெர்மனென்ட் ஆன அன்று வடக்குத்து கிராமத்திலிருந்த தன் கூரை வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி ருக்குமணியிடம், "இனிமே அறுப்புக்கு ஆள் கூப்ட வந்தா நான் வூட்ல இல்லன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.

பம்பு செக்‌ஷனில் அவனுக்கு ஜோடி வெள்ளைச்சாமி. ராமநாதபுரம் பக்கத்து ஆள். ஒருவன் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் நட்டை முறுக்குவான். சாப்பாட்டு நேரத்தில் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து எடுத்து இருவரும் சாப்பிடுவார்கள். வெள்ளைச்சாமிக்குச் சொந்தக்காரர் என்று இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கலியன் வீட்டில்தான் சாப்பாடு.

விபத்துக்குப் பிறகு அந்த வெள்ளைச்சாமி வருவதை நிறுத்திவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கலியனை வேலையை விட்டு அனுப்பவில்லை. லைட் டூட்டி என்று சொல்லி, ஸ்டோர் யார்டு கேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். வருகிற லாரி, போகிற லாரியைப் பார்க்க வேண்டும். வேறு வேலை இல்லை. காலை ஷிப்டுக்குப் போகும் ஆட்கள் அவனைக் கடந்துதான் போக வேண்டும். முதலில் நின்று விசாரித்தார்கள். பிறகு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளைச்சாமி மட்டும் சைக்கிளின் முன் சக்கரத்தைப் பார்த்தபடியே போவான்.

வீட்டில் வேறுவிதமான கஷ்டம். வலது கை இருப்பதால் சாப்பிடுவதில் தொந்தரவு இல்லை. சாப்பிட்ட கையைக் கழுவத்தான் தண்ணீர் ஊற்ற இன்னொரு கை வேண்டியிருந்தது. வேட்டி கட்டவும் வேண்டியிருந்தது. சட்டைப் பித்தானை ஒரு கையால் போட்டுவிடலாம், ஆனால் அதற்குள் ஷிப்டு சங்கு ஊதிவிடும். ருக்குமணி செம்போடு வந்து நின்றால் அவன் முகம் சுருங்கிவிடும்.

"நீ போ. நான் தொட்டில முக்கிக்கறேன்."

"குடிக்கற தண்ணியில சோத்துக் கைய முக்குவியா? நீட்டு."

"எனக்கு ஒரு வேல செய்ய ஒரு ஆளு வேணுமா? நான் இன்னா கொழந்தயா?"

"கொழந்தயா இருந்தா ரெண்டு தட்டு தட்டி நீட்ட வெச்சிருப்பேன்" என்பாள் ருக்குமணி. தண்ணீரை ஊற்றிவிட்டு, முந்தானையால் அவன் கையைத் துடைத்துவிட்டுத்தான் நகர்வாள். அவளும் காலையில் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவள்தான். வெள்ளைச்சாமியின் பேச்சை எடுத்தால் மட்டும் அவள் குரல் மாறும். "அவன் பேர இந்த வூட்ல எடுக்காத. எத்தன நாளு என் கையால தின்னவன். ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்தானா?"

கலியன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் யார்டிலிருந்து காயலான் இரும்பு ஏற்றிய லாரி ஒன்று வெளியே போக வந்தது. வழக்கம்போல் ஏறிப் பார்த்த கலியன் இறங்கவே இல்லை. உள்ளே முழுக்க போல்ட்டுகள். கட்டைவிரல் தடிமனும் அதற்கு மேலும். தண்டு நல்ல இரும்பு. நுனியில் மட்டும் சுத்தியலால் அடிபட்டு மரை நசுங்கியிருந்தது. ஒன்றிரண்டில் துரு கடித்திருந்தது.

"இத ஏன் எடுத்துகினு போறீங்க? நல்ல போல்ட்டு."

"நட்டு ஏறாத போல்ட்டு என்னய்யா போல்ட்டு? எறங்கு" என்றார் டிரைவர்.

கலியன் இறங்கவில்லை. குரல்கள் உயர்ந்தன. பின்னால் இன்னும் இரண்டு லாரிகள் வந்து ஹாரன் அடித்தன. ஸ்டோர் பொறுப்பாளர் சங்கரலிங்கம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். திருநெல்வேலிக்காரர். கோபப்பட்டாலும் சத்தம் போடத் தெரியாத மனிதர்.

"என்னப்பா கலியா, லாரிய மறிச்சிட்டு நிக்கே?"

"சார், கப்பல்ல வரணும்னு மாசக்கணக்கா காத்துகினு கெடக்கற சாமான் சார் இதெல்லாம். நுனி நசுங்குனதுக்கு முழு போல்ட்டையும் தூக்கிப் போடறாங்க. மரைய மறுபடி வெட்டி எடுத்துட்டா ஓடும் சார்."

"யாரு எடுப்பா? ஒர்க்‌ஷாப்புல இருக்கவனுக்குப் புதுசு செய்யவே நேரமில்ல." சொல்லிவிட்டுக் கலியனைப் பார்த்தவர், பார்வையை அவனுடைய மொட்டை மணிக்கட்டிலிருந்து அவசரமாக எடுத்தார். கலியனுக்கு அது தெரிந்தது. லாரியிலிருந்து இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தான். அவனால் டை பிடிக்க முடியாது. மரை வெட்டும் டைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டு கையும் சமமாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மிச்சம் இருக்கும் மரையும் போய்விடும்.

மாலையில் சங்கரலிங்கம் தானாகவே கேட்டுக்கு வந்தார். கையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சாமான். ராட்சத மண்வெட்டும் இயந்திரத்தை மாட்டிக் கொடுக்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பெட்டியில் கிடந்ததாம்.

"இது என்ன எழவுன்னே எங்களுக்குப் புரியல. போல்ட் சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் தெரியுது. நீ பாரேன்."

ஒரே ஒரு கைப்பிடி. அதன் தலையில் இரண்டு தாடைகள், நண்டின் கொடுக்கைப் போல. பக்கத்திலிருந்த திருகைத் திருப்பினால் தாடை விரிந்தது, எதிர்ப்பக்கம் திருப்பினால் நெருங்கியது. உள்ளே பல் பல்லாக வெட்டுத் துண்டுகள். மாற்றிப் போட வேறு பற்கள் ஒரு தகர டப்பாவில் இருந்தன. கலியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கைப்பிடி ஒன்றுதான் என்பதை அவன் கை முதலில் கண்டுகொண்டது.

மறுநாள் ஸ்டோரின் பின்புறத்தில் கிடந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் ஒரு போல்ட்டை இறுக்கி முயன்று பார்த்தான். முதல் போல்ட் நாசமாகிவிட்டது. அந்த மரைக்கு உரிய பல் அது இல்லை. இரண்டாவதும் போயிற்று. டை போலவே நினைத்து, நசுங்கிய நுனியிலிருந்து உள்ளே ஏற்றப் பார்த்ததுதான் தப்பு. வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாடையை நன்றாக விரித்து, அடிபடாத மரை இருக்கும் இடத்தில், போல்ட்டின் நடுவிலேயே மாட்டினான். திருகை இறுக்கினான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். நல்ல மரையைப் பிடித்துக்கொண்டே வெளிப்பக்கமாகச் சுற்றினான். பற்கள் தடம் பிடித்து நகர்ந்தன. நசுங்கிய இடம் வந்ததும் கை கொஞ்சம் கனத்தது. முடி போன்ற இரும்புச் சுருள் உதிர்ந்தது. நுனி தாண்டிக் கருவி வெளியே வந்தபோது, ஒரு நட்டை எடுத்து விரலால் ஏற்றினான். அது வழுக்கிக்கொண்டு போய் அடியில் நின்றது.

"சார்!" என்று அவன் போட்ட கூச்சலில், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து சங்கரலிங்கம் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

அதற்குப் பிறகும் உடனே ஆகிவிடவில்லை. கை ஊனமானவன் ஒர்க்‌ஷாப் வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். பம்பு செக்‌ஷன் என்ஜினீயர் ராமலிங்கமும் சங்கரலிங்கமும் போய்ப் பேசினார்கள். ஓடுகிற மெஷினைத் தொட மாட்டான், கைக்கருவி மட்டும்தான் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் ஒரு மேசை, ஒரு வைஸ். கேட்டு ஸ்டூலுக்கு வேறு ஆள் வந்தார்.

கருவியை எல்லோரும் நண்டு என்றார்கள். கலியனை மரை கலியன் என்றார்கள். மரை கழண்டவன் என்று பொருள்படக் கிண்டலாக யாரோ ஆரம்பித்ததுதான். ஆனால் நட்டு ஏறாத போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவன் "மரை கலியன்கிட்ட கொண்டு போ" என்று சொல்லச் சொல்லக் கிண்டல் தேய்ந்து பெயராகிவிட்டது. கலியன் வீட்டில் பேச ஆரம்பித்தான். அன்றைக்கு வந்த போல்ட்டின் கதையை ருக்குமணியிடம் விலாவாரியாகச் சொல்வான். "எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா சொல்லு" என்று அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். செம்போடு வந்து நின்றால் கையை நீட்டினான்.

ஆனால் சுரங்கத்துக்குள் மட்டும் அவன் இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நெய்வேலியில் மேலிருந்து வரும் தண்ணீரைவிடக் கீழிருந்து முட்டும் ஊற்றுதான் பயம். பம்புகள் இரவும் பகலும் ஓடினால்தான் சுரங்கத்தின் அடிமண் தாங்கும். ஒரு மத்தியானம் ராமலிங்கம் நனைந்த சட்டையோடு கலியனின் மேசைக்கு வந்தார்.

"கலியன், ஒரு பம்பைக் கழட்டி மாட்டுறப்ப ஸ்டட்டு ரெண்டை அடிச்சே நசுக்கிட்டாங்க. அது அடித்தட்டோட இறுகிப்போய் நிக்குது. கழட்டப் பாத்தா ஒடிஞ்சிடும். டை உள்ள போக இடமில்ல. உங்க நண்டு போகுமான்னு பாக்கணும். உங்களை வரச்சொல்ல எனக்கு மனசு வரலை. வேற யாராவது எடுத்துட்டுப் போய்..."

"வேற யாருக்கும் அதோட பல்லு பழகாது சார்" என்றான் கலியன். எழுந்து நண்டை இடுப்பில் செருகிக்கொண்டான்.

ஜீப் சரிவில் இறங்க இறங்க அவன் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். பம்பருகே மூன்று இரும்புக் கால்கள் நின்றன, உச்சியில் கப்பியோடு. அதன் கீழே சேறு. சேற்றில் வெள்ளைச்சாமி.

கலியன் மண்டியிட்டு, அடித்தட்டிலிருந்து தலையில்லாத போல்ட்டாக நிமிர்ந்து நின்ற ஸ்டட்டைத் தடவிப் பார்த்தான். நுனி காளான் மாதிரி விரிந்திருந்தது. அதை அரம் போட்டுக் குறைக்காமல் நண்டு வெளியே வராது. அரம் போட இரண்டு கை வேண்டும்.

"யாராவது அரத்த எடுங்க" என்றான் பொதுவாக.

வெள்ளைச்சாமிதான் எடுத்தான். எதிரில் குந்தி ராவத் தொடங்கினான். நன்றாக ராவினான். கலியன் விரலால் தடவி, "இங்க இன்னும் கொஞ்சம்" என்பான். அவன் அங்கே ராவுவான். பிறகு கலியன் நண்டை ஸ்டட்டின் அடியில் மாட்டித் திருகை இறுக்கினான். வெள்ளைச்சாமி எண்ணெய் விட்டான். கருவி வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தது. பாதியில் சிக்கியது. கலியன் பின்னுக்குத் திருப்பி, துகளைத் தட்டி, மறுபடி சுற்றினான். மழைத் தண்ணீர் கண்ணில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. வெள்ளைச்சாமி தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் முகத்தைத் துடைத்தான்.

துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, அன்னிக்கு நான் சங்கிலிய விட்டுட்டேன்ணே."

கலியன் சுற்றுவதை நிறுத்தினான்.

"ஈரத்துல கை வழுக்கிருச்சு. நாந்தான் விட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வர்றது? ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிருவேன்."

"நீ எங்கடா உட்ட?" என்றான் கலியன். "அந்தா, அந்த மாதிரிதான் நின்னுகினு இருந்துது இரும்புக் காலு. சேத்துல எறங்கிப்புடுச்சி. நான் குனிஞ்சப்ப பாத்தேன். கத்தறதுக்குள்ள வந்துடுச்சி. நீ மேல பாத்துகினு இருந்த, உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நெசமாவாண்ணே?"

"இத்தன நாளா இதயா தலையில வெச்சிகினு திரிஞ்ச? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? கையில்லாதவன்கிட்ட இனிமே இன்னா பேச்சுன்னு உட்டுட்டன்னு நெனச்சேன்."

வெள்ளைச்சாமி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா, மழையா என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியவில்லை. ராமலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மூன்று கால்களுக்கும் அடியில் பலகை போடச் சொல்லிச் சத்தம் போட்டார்.

"எந்திரி. இன்னொண்ணு இருக்குது. எண்ணெய உடு" என்றான் கலியன்.

இருட்டுவதற்கு முன்னால் இரண்டு ஸ்டட்டிலும் நட்டு ஏறியது. வெள்ளைச்சாமி முறுக்கினான். பம்பு ஓடத் தொடங்கியதும் குழாய் உதறி உதறித் தண்ணீரைக் கக்கியது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச்சாமி வடக்குத்துக்கு வந்தான். இடைப்பட்ட காலத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி கண்ணகி மாசமாக இருந்தாள். ருக்குமணி வாசலிலேயே அவனை மறித்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா? கல்யாணத்துக்குக்கூட ஒரு வார்த்த சொல்லல. போ, உனக்கு இங்க சோறு கெடயாது. நீ உள்ள வாம்மா. வயித்துப் புள்ளக்காரி, நிக்காத."

சொன்னாளே தவிர இலை அவனுக்கும் போட்டாள். இரண்டாவது முறை சோறு வைக்கும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்ணகி மட்டும் பார்த்தாள்.

கண்ணகிக்கு வலி எடுத்தபோது அவள் ஊரிலிருந்து யாரும் வந்து சேரவில்லை. ருக்குமணிதான் கூட இருந்தாள். ஆண் குழந்தை. வெள்ளைச்சாமி குழந்தையைத் துணியோடு தூக்கிக்கொண்டு வந்து கலியனிடம் நீட்டினான்.

"வேணாம்டா. எனக்குப் பிடிக்க வராது" என்று கலியன் பின்னால் போனான்.

"உக்காருங்கண்ணே" என்று வெள்ளைச்சாமி அவனை பெஞ்சில் உட்கார வைத்து, குறைந்துபோன அந்தக் கையின் மடிப்பில் குழந்தையின் தலையை வைத்தான். கலியன் மூச்சுகூட விடாமல் இருந்தான். குழந்தை ஒருமுறை முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கியது.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த ருக்குமணி, "கழுத்த மட்டும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள்.