காளைக்கு அரைப் பக்கம்

லண்டனுக்கு வர முன்னம் நாங்கள் ஆறு வருசம் அகதிகளாக இருந்த ஜெர்மன் கிராமத்தின் வரலாறு புத்தகமாக வந்திருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டில் இருந்த கிழவியின் மகள், லண்டனில் நாங்கள் இப்ப இருக்கும் தோர்ண்டன் ஹீத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். நல்ல மனசோடுதான் அனுப்பினாள். வாசித்த எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது.

முதல் அத்தியாயம் பூகோளம். மேட்டில் கோயில், சரிவில் ஒரே தெரு, பள்ளத்தில் ஓடை, ஓடைக்கரையில் பழைய விடுதி. அந்த விடுதியின் மேல்மாடியில்தான் எங்களை வைத்திருந்தார்கள். ஓடைப் பாலத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். பாலத்துக்கு அங்கால் வேறு மாவட்டம், அனுமதிக் கடிதம் இல்லாமல் அகதிகள் தாண்ட ஏலாது என்பதை எழுதவில்லை. அங்கால் கரையில் பாண் சுடும் ரொட்டிக் கடை. வாசம் மட்டும் எங்கள் ஜன்னலுக்கு வரும். பாண் வாங்க நாங்கள் எதிர்ப்பக்கமாக அடுத்த ஊருக்கு நடப்போம். எங்கள் கிராமத்தின் பூகோளத்தை எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பிறகு வரலாறு. எந்தக் காலத்திலோ படை வந்து ஊரை எரித்தது, ஆலங்கட்டி மழை பெய்தது, தீயணைப்பு வண்டி வாங்கியது, எல்லாம் இருக்கிறது. கண்காட்சியில் பரிசு வாங்கிய காளைக்கு அரைப் பக்கம், படத்தோடு! எங்கள் விடுதிக்கு ஒரே ஒரு வரி. உரிமையாளர் இறந்த பின் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்து, பிறகு திருத்தப்பட்டதாம்.

ஆளில்லாமலாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். மூன்று குடும்பங்கள் ஒரு குசினியில் இடிபட்டுச் சமைத்த வீடு அது. பனியில் அம்புலன்ஸ் வரப் பிந்த, பக்கத்து வீட்டுக் கிழவி கைகொடுக்க, என் மகள் பிறந்ததும் அங்கேதான். இன்றைக்கும் அவளுடைய பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்று அந்த ஊரின் பெயர்தான் கிடக்கிறது.

ஷிப்ட் முடிந்து வந்த மகளுக்கு அந்த வரியைச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் எங்கையம்மா பிறந்தனான்?"

பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அவள் பார்த்தது விடுதியின் படம். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேல் ஜன்னலில் என் வீட்டுக்காரருடைய சாரம் காய்கிறது. வாசல் கதவில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு, அதற்குக் கீழே சரிந்துபோன சோக்கட்டி எழுத்து. எங்கள் முதல் வருசத்துப் படம் என்று பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களின் திருநாளுக்குப் பிள்ளைகள் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பாடி, வருசத்தையும் மூன்று எழுத்தையும் சோக்கட்டியால் கதவில் எழுதி ஆசீர்வதிப்பார்கள். மன்னாரில் நாங்களும் வேதக்காரர்தான், கத்தோலிக்கர், ஆனால் இப்படியொன்றைக் கண்டதில்லை. முதல் வருசம் நாங்கள் வெளியே போயிருந்தபோது, விடுதியில் எங்களுக்குக் கீழே இருந்த குடும்பம் கதவைத் திறக்க, எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் வந்து பார்த்துவிட்டு, எங்களை ஊரைவிட்டுப் போகச்சொல்லி ஆரோ எழுதியிருக்கிறான் என்று சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார். கிழவி கண்டு தலையில் கைவைத்தாள். பின்னேரமே பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன், இடுப்பில் மகள். ஈரக் கதவில் சோக்கட்டி பிடிக்கவில்லை. பிள்ளைகளோடு வந்த கம்பளித் தொப்பிக்காரர் அதை வாங்கி, அழுத்தி அழுத்தித் தானே எழுதினார்.

புத்தகத்தின் பின்னால் எழுதியவரின் தொலைபேசி எண் இருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார். என் துருப்பிடித்த ஜெர்மனில் நான் ஆரென்று சொன்னேன். மனிசன் மரியாதையாகத்தான் கதைத்தார். ஊராட்சிப் பதிவில் அப்படித்தான் இருந்ததாம். பிறகு, நாங்கள் தற்காலிகமாகத்தானே இருந்தோம் என்றார். ஆறு வருசம்! அந்தக் காளை எத்தனை வருசம் இருந்தது என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டு, விடுதிப் படத்தை எடுத்துக் கதவைப் பாருங்கள் என்றேன்.

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. மகள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது என் கையெழுத்து," என்றார்.

"அப்ப உங்களுக்குக் கதவைத் திறந்தது ஆர்?" என்று கேட்டேன்.