இருபது நிமிடக் கரி

என் மனைவியின் தலையிலிருந்த கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்த பிறகு, புதிதாக எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கட்டி திரும்ப வந்திருக்கிறதா, கதிர்வீச்சு விட்டுப்போன தழும்பா என்று காரைக்குடியிலும் மதுரையிலும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கார்பன்-11 கலந்த மருந்தை ஏற்றிப் படம் எடுத்தால் தெரியும், அதற்குச் சென்னைக்குப் போங்கள் என்றார்கள். அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"திரும்ப வந்திருந்தா இன்னொரு தடவ என்னால முடியாது. சொல்லிட்டேன்."

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ரயிலில் போகும்போது அவள் கேட்டாள், "கார்பன்னா கரிதான? அடுப்புக்கரியவா ஊசியில ஏத்தப் போறாக?"

சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் பாடம் நடத்தும் வாய் சும்மா இருக்குமா. "அடுப்புக்கரிக்கு ஆயுசு கெட்டி. இது இருபது நிமிஷத்துல பாதி போயிரும். அடுத்த இருபதுல மிச்சத்துல பாதி. போரான்னு வேற ஒண்ணா மாறிரும். மாறும்போது வர்ற கதிரத்தான் எந்திரம் பிடிக்கிது. வளர்ற கட்டின்னா மருந்த நெறைய இழுக்கும், தழும்பு அவ்வளவா இழுக்காது. மதுரைக்குக் கொண்டாறதுக்குள்ள தீந்துரும். அதான் அங்கயே செஞ்சு, சூட்டோட சூடா ஏத்துறாக."

"பாவம்," என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஒத்தாசைக்குச் சிங்கம்புணரியிலிருந்து என் அக்காவும் வந்திருந்தாள். சென்னை ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வெள்ளிக்கிழமை வந்தது. கீழ்த்தளத்தில் மருந்து தயாராகிறது, கூப்பிட்டதும் வந்துவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தரைலருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம் தம்பி. அதுலயா ஊசி போடுறது?"

"ராகு காலம் முடியிற வரைக்கும் மருந்து தாங்காதுக்கா," என்றேன். அதற்கு மேல் வாதாட எனக்குச் சக்தி இல்லை. மாதக்கணக்காக ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்தே தேய்ந்துபோயிருந்தேன்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் அவள் இல்லை. கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது, வெளியே அக்கா காவலுக்கு நிற்பதுபோல் நின்றாள். தட்டினேன். "இருங்க, வாரேன்," என்றாள். நர்ஸ் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். மறுபடியும் வந்து கூப்பிட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு.

"பாதிக்கு மேல போயிடுச்சு சார்," என்றார் டெக்னீஷியன். "இனி இதுல படம் சரியா வராது. சாயந்திரம் இன்னொருத்தருக்குச் செய்றோம், அதுல இவங்களையும் சேர்த்துக்கறோம்."

அந்த மனுஷன் கோபப்படவே இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனைவியைத் திட்ட மனசு வராமல் அத்தனையையும் அக்கா மேல் கொட்டினேன். படித்த வீட்டில் இப்படியா என்றேன். அவள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். சாயந்திரம் ஊசி போட்டு, படம் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தழும்பு இல்லை, கட்டிதான்.

ஊர் திரும்பும் ரயிலில் அக்கா எதிர் சீட்டில் அழுது அழுது தூங்கிப்போயிருந்தாள். மனைவி அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"அன்னைக்கு மதினிய அம்புட்டுப் பேச்சுப் பேசுனீகளே. அவுக பாவம். எனக்கு ஏது ராகு காலம்? உள்ள போனாத் தெரிஞ்சுபோயிருமேன்னு இருந்துச்சு. தெரியாம இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்குவோமேன்னு தாப்பாளப் போட்டுக்கிட்டேன்."

"மருந்துதான் வீணாப்போச்சு," என்றேன்.

"வீணாகல," என்றாள். "அந்த அரை மணி நேரமும் நான் நல்லாத்தான் இருந்தேன்."